பதினாறு கேடயங்களும் ஒரு நவநாளும்

என் அண்ணாவின் வீட்டில் ஒருவர் இரண்டு மாதம் புனிதராக இருந்தார். அதற்கு முந்திய நானூறு வருடங்களில் யாரும் அவரைப் புனிதர் என்று சொன்னதில்லை. சொல்லக்கூடிய விதத்தில் அவரும் நடந்துகொண்டதில்லை. கிரவீன் என்ற புறநகரில் ஒரு செங்கல் வீட்டின் வரவேற்பறையில்தான் அவருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. இப்போது அவர் அதே வீட்டின் கராஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நிற்கிறார்.

அண்ணா பரமட்டாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு தன் மனைவியை, என் மச்சாளை, கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போனார். பேருந்தில் தூங்கி, தேவாலயத்தில் விழித்து, மறுபடியும் பேருந்தில் தூங்குகிற வகைச் சுற்றுலா. அப்படி ஒரு பேராலயத்தில் விழித்திருந்த நேரத்தில் ஒரு கல்லறையைக் கண்டிருக்கிறார். பளிங்கில் ஒரு மனிதர் கைகூப்பிப் படுத்திருக்க, அவரைச் சுற்றிப் பதினாறு கேடயங்களைச் செதுக்கி வைத்திருந்தார்களாம். வழிகாட்டிப் பெண் விளக்கம் சொல்லியிருக்கிறாள். அந்த நாட்டுக்கு ஆயரும் இவர்தான், அரசரும் இவர்தான். கேடயங்கள் இவருடைய பூட்டன் பூட்டிகளைப் பெற்ற பதினாறு பேருடையவை. பதினாறும் பிரபுக் குடும்பங்கள். அதில் ஒன்று குறைந்திருந்தாலும் இவருக்கு அந்தப் பேராலயத்துக்குள் பதவி கிடைத்திருக்காது.

அண்ணா அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய குரலில் அப்படி ஒரு பக்தியை நான் பூசை நேரத்தில்கூடக் கேட்டதில்லை.

"தங்கச்சி, இஞ்ச ஒரு மேற்றிராணியாரைக் கண்டனான். பதினாறு பக்கமும் பெரிய இடம். எங்கட ஆக்கள் மாதிரி."

"எங்கட ஆக்களுக்குக் கேடயம் எங்க, அண்ணை?"

"இருந்திருக்கும். போத்துக்கேயன் கொண்டு போயிருப்பான்."

முன்பு யாழ்ப்பாணத்தை ஆண்ட போத்துக்கேயரைப் பற்றி அண்ணா இப்படிக் குறைசொல்வது நன்றிகெட்ட வேலை. எங்கள் மூதாதை ஒருவருக்கு முதலியார் பட்டம் கொடுத்ததே அவர்கள்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மூதாதை தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் உத்தியோகமும் வாங்கிவிட்டார் போலிருக்கிறது. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது, பட்டம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒற்றைப் பட்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பம் இரண்டு கண்டங்களில் தலை நிமிர்த்தி நடக்கிறது.

சுற்றுலா முடிந்து வரும்போது அண்ணா அந்த ஆயரின் படத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பெண்டில் ஹில்லில் ஒரு கடையில் கொடுத்து அதைப் பெரிதாக்கிப் பொன்னிறச் சட்டம் போட்டார். சிவப்பு அங்கி, தோளில் கரும்புள்ளி போட்ட வெள்ளை மயிர்த்தோல், இடுப்பில் வாள், வலது கை ஒரு வேட்டை நாயின் தலையில். வரவேற்பறைப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அவரை ஏற்றி வைத்தார்கள். முன்னால் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி. உண்மையான மெழுகுதிரி ஒருமுறை புகை அலாரத்தை எழுப்பித் தீயணைப்பு வண்டியை வரவழைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் புனிதர்களுக்கும் பற்றரிதான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் சரித்திரம் படிப்பிக்கிறவள். அந்த மனிதரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாததைத் தேடிப் படித்தேன். படித்துவிட்டு அண்ணாவிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னேன்.

"அண்ணை, இவர் புனிதர் இல்லை."

"இன்னும் ஆக்கேல்ல. அவ்வளவுதான்."

"ஆக்கவும் மாட்டினம். அந்த நாயைப் பாருங்கோ."

மச்சாள் குசினியில் இருந்தபடியே ஆயருக்காக வாதாடினார். "நாயோட நிக்கிற புனிதர் வேற ஒருத்தரும் இருக்கிறார்தானே?"

"நாங்கள் தொடங்கினா ரோமாபுரி பிறகு வரும்" என்று அண்ணா முடிவுரை சொன்னார். திருச்சபையின் இரண்டாயிரம் வருட நடைமுறை கிரவீனில் அத்தோடு தீர்ந்தது.

அண்ணாவுக்கு அந்த நேரத்தில் ஒரு புனிதர் அவசரமாகத் தேவைப்பட்டார். அவருடைய ஒரே மகள், என் மருமகள், பரமட்டாவுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் ஒரு பல் வைத்தியர் அவளுக்குப் பேசப்பட்டிருந்தார். பல் வைத்தியரை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அவருடைய தாயார் எல்லாப் பேச்சையும் தானே பேசினார். தங்கள் வீடு எந்தப் பேர்போன பள்ளிக்கூட எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் சொன்னார், மகன் என்ன செய்கிறார் என்பதைக் கடைசியில் சொன்னார். அண்ணாவுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போய்விட்டது.

என் மருமகள் அவரை வேண்டாம் என்றாள். தான் விரும்புகிறவர் படகில் வந்தவர், மன்னார்க் கரைப் பக்கம், தற்காலிக விசாவில் இருக்கிறார் என்றாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது அண்ணா கையை உயர்த்தி மறித்தார். "பேர் எனக்குத் தேவையில்லை" என்றார்.

அண்ணாவும் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்தான். எண்பதுகளில் வந்தார், விமானத்தில் வந்தார். எங்கள் ஆட்களுக்குள் ஊரிலிருந்த பிரிவுகள் போதாதென்று இங்கே வந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். விமானத்தில் வந்தவர்கள் ஒன்று, படகில் வந்தவர்கள் இன்னொன்று. ஆகாயத்தில் ஓடி வந்தவன் பிரபு, தண்ணீரில் ஓடி வந்தவன் யாரோ. ஓடியது ஒரே நெருப்பிலிருந்து என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டது போல நடந்துகொள்வார்கள். எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

பல் வைத்தியர் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று அண்ணா அந்த ஆயருக்கு நவநாள் வைக்கத் தீர்மானித்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்பது மாலைகள் தொடர்ந்து வீட்டில் கூடுவோம். செபமாலை சொல்லி, புனிதருடைய சரித்திரத்தில் ஒரு பகுதியை வாசித்து, ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சொல்லி, அதற்குப் பிறகு சாப்பிடுவோம். சாப்பாடு நன்றாக இருந்தால் கூட்டம் ஒன்பது நாளும் குறையாது. மச்சாளின் மீன் கட்லட்டுக்காக வேறு மறைமாவட்டத்திலிருந்தும் வருவார்கள்.

சரித்திரம் எழுதித் தருகிற வேலை எனக்கு வந்தது. "நீ படிச்சனீதானே, வடிவாய் எழுது" என்றார் அண்ணா. ஆள் புனிதர் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கேட்கவில்லை. சரி, நடந்ததை நடந்தபடியே எழுதித் தருகிறேன் என்றேன். "அதுதான் வேணும்" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

முதல் மாலையே வரவேற்பறையில் ஒலிபெருக்கி நின்றது. இருபது முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் மூச்சு விடுவதே கேட்கிற அறை அது. ஆனாலும் அண்ணாவுக்கு ஒலிவாங்கி இல்லாமல் செபம் ஏறாது. கோயில் நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற இளைஞன் ஒருவன் இருந்தான். கிழமை நாட்களில் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். அவன்தான் வந்து, அண்ணாவின் சட்டையில் சின்ன ஒலிவாங்கியைக் கவ்வ வைத்து, கம்பியை ஒழுங்குபடுத்திவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்பான். "தங்கமான பெடியன்" என்று அண்ணா எல்லோரிடமும் சொன்னார். என் மருமகள் கதவோரத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் அவள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவள் விரும்புகிறவன் இவன்தான். தான் பெயர் கேட்க மறுத்த மனிதனுக்கு அண்ணா ஒன்பது மாலையும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சரித்திரம் அமோகமாகத் தொடங்கியது. ஆயர் ஒரு பிரபுவின் இளைய மகன். சொத்து மூத்தவனுக்கு, திருச்சபை இளையவனுக்கு என்பது அந்தக் காலத்துப் பாகப்பிரிவினை. மீசை அரும்புவதற்கு முன்பே, திருச்சபைக்கு நேர்ந்ததற்கு அடையாளமாக அவருடைய உச்சியில் கொஞ்சம் மயிரை வெட்டி, பேராலயச் சபையில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சபைக்கு நிலம் உண்டு, வருமானம் உண்டு, ஆயரைத் தெரிவு செய்கிற உரிமையும் உண்டு. உள்ளே போவதற்குப் படிப்போ பக்தியோ கேட்கவில்லை. பதினாறு கேடயங்களைத்தான் கேட்டார்கள். பிரபுக்கள் சிலர் வந்து, ஓம், இந்தப் பிள்ளையின் பதினாறு பக்கமும் சுத்தம் என்று சத்தியம் செய்தார்கள்.

அந்த இடத்தில் அறை முழுக்கத் தலையாட்டியது. அவர்களுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. எந்தக் கலியாணப் பேச்சிலும் சாதியை அறிய இரண்டாவது வாக்கியமாக வருகிற "ஊரில எவ்விடம்?" என்ற கேள்விதான் அது. ஐரோப்பாக்காரன் அதைக் கல்லில் செதுக்கி வைத்தான், நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்கிறோம்.

அடுத்த மாலைகளில் அவர் ஆயரானார். சபையில் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. இளையவன், நாங்கள் சொல்வதைக் கேட்பான் என்று இரண்டு கோஷ்டியும் நினைத்து அவரைத் தெரிவு செய்தன. தெரிவுக்கு முன் அவர் ஏகப்பட்ட வாக்குறுதிகளில் சத்தியம் செய்தார், தெரிவுக்குப் பின் ஒவ்வொன்றாக மறந்தார். எங்கள் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்கள் யாரும் இதற்குச் சிரிக்கவில்லை. ஆயரான அன்று அவர் குருப்பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. பூசை வைப்பது, உறுதிபூசுதல் கொடுப்பது, கோயில்களை மந்திரிப்பது எல்லாவற்றுக்கும் ஓர் உதவி ஆயர் இருந்தார். அவர் ஒரு சாதாரண குடும்பத்துப் பிள்ளை, ஆகவே வேலை செய்ய வேண்டியிருந்தது. இவர் வேட்டைக்குப் போனார். மான்கள் தங்கள் பயிரைத் தின்றாலும் விவசாயிகள் அவற்றைத் துரத்தக் கூடாது என்று கட்டளை போட்டார். அவை ஆயருடைய மான்கள்.

"கண்டிப்பானவர்" என்றார் அண்ணா ஒலிவாங்கியில்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வந்தாள். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் மகள். ஒரு விருந்தில் ஆயர் அவளைக் கண்டார். அதன் பிறகு சாகும் வரைக்கும் அவளைத் தவிர வேறு யாரையும் அவர் விரும்பவில்லை. அவளுக்கு ஆற்றங்கரையில் ஒரு மாளிகை கட்டினார். பிள்ளைகள் பிறந்தார்கள். நிறையப் பிறந்தார்கள். ஊருக்கு அவர்களை ஆயரின் மருமக்கள் என்று சொன்னார்கள், ஊரும் நம்பியது போல நடித்தது.

நான் வாசித்து முடித்தேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த ஓர் அன்ரி பீடத்தைப் பார்த்தார். பற்றரி மெழுகுதிரி ஆயரின் முகத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. இனியாவது அண்ணா படத்தை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். அண்ணா தொண்டையைச் செருமினார்.

"பெரிய இடத்து ஆக்கள் அப்பிடித்தான்" என்றார். "அதுகளை நாங்கள் பெரிசுபடுத்தக் கூடாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்லட் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனேன். அதற்கு மேல் ஒரு தண்டனையை அந்த வீட்டில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த பகுதியை நான் கொஞ்சம் அழுத்தி எழுதினேன். ஆயர் தன் மகன்மாரைப் பேராலயச் சபையில் சேர்க்க விரும்பினார். சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் போட்டு அவர்களுக்குப் பிரபுப் பட்டமும் வாங்கினார். ஆனால் தகப்பன் பக்கத்து எட்டுக் கேடயங்கள் இருந்தன, தாய் பக்கத்து எட்டும் வெறுமையாக இருந்தன. புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு முன்பு இருந்த விலக்கை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பதினாறும் கட்டாயம் என்று ஆக்கியவர் யாரென்றால், பதவிக்கு வந்த புதிதில் சபையைத் திருப்திப்படுத்த விரும்பிய இதே ஆயர்தான். தான் போட்ட பூட்டுக்கு வெளியே தன் பிள்ளைகளே நின்றார்கள். சபையோடு சண்டை முற்றியது. கடைசியில் அவருடைய சபையே அவரைப் பதவி இறக்கி, அவர் கட்டிய வேட்டை மாளிகையில் அவரைப் பூட்டி வைத்தது. அங்கே இருந்து செத்தார். அவளைப் பார்க்க விடவில்லை. செத்த பிறகு பளிங்குக் கல்லறை கட்டி, மறக்காமல் பதினாறு கேடயங்களையும் சுற்றிச் செதுக்கினார்கள். அவளுக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை.

இதை வாசித்தது கடைசி மாலையில். அண்ணா அசையவில்லை. கல்லறையின் அழகை நான் இன்னும் கொஞ்சம் வர்ணித்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு மன்றாட்டுகள் தொடங்கின.

எங்கள் ஆட்கள் மன்றாடுகிற முறையைச் சொல்ல வேண்டும். ஒருவர் தன் வேண்டுதலைச் சொல்லி "ஆண்டவரை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார். உடனே எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்பதில்லை. காது அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகக் காத்திருக்கும், அது வந்ததும் வாய் தானாகத் திறக்கும். பால்குடிக்கிற வயதிலிருந்து வந்த பழக்கம். ஒருவருடைய முழங்கால் வலிக்கும், ஒருவருடைய வீட்டுக் கடனுக்கும், ஒருவருடைய மகனின் கணிதப் பரீட்சைக்கும் இப்படியே கேட்டருளச் சொன்னோம். ஒலிவாங்கி அண்ணாவிடம் இருந்தபடியால் அவருடைய குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அப்போது கதவோரத்திலிருந்து என் மருமகள் பேசினாள். இங்கே பிறந்த பிள்ளை, தகப்பன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அன்றைக்குத் தமிழில் பேசினாள், பாடமாக்கி வந்தவள் போல நிறுத்தி நிறுத்தி.

"இந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிக்கிறவரை நான் கலியாணம் முடிக்கவும், எங்கட கலியாணத்துக்கு அப்பா வந்து எனக்குப் பக்கத்தில நிக்கவும் வேணுமெண்டு ஆண்டவரை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது முழு அறையும். எல்லோருக்கும் மேலாக, ஒலிபெருக்கி அதிர, அண்ணா.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அறைக்கு விளங்கியது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றவனின் முகத்தில் இரத்தம் இல்லை. அண்ணா தன் மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தன் சட்டையில் கவ்விக்கொண்டிருந்த ஒலிவாங்கியைப் பார்த்தார்.

"இது செல்லாது" என்றார். அதுவும் ஒலிபெருக்கியில்தான் வந்தது.

முன்வரிசை அன்ரி திரும்பிப் பார்த்தார். "செபத்தைத் திருப்பி எடுக்கேலாது, தம்பி. நாங்கள் எல்லாரும் சொல்லிப்போட்டம்" என்றார். பிறகு, பெரிய பிரச்சினைகளின்போது எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வதைச் செய்தார்கள். எழும்பிச் சாப்பிடப் போனார்கள்.

அண்ணா ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கராஜுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே கிடந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் தலையைக் குனிந்தபடி இருந்தார். ஆறுதல் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்ததும் ஆறுதல் வரவில்லை.

"அண்ணை, உந்த ஆயர் கலியாணம் முடிக்காமல் ஒருத்தியோட இருந்து பிள்ளையள் பெத்தவர். பெரிய இடத்து ஆக்கள் அப்பிடித்தான் எண்டு சொன்னீங்கள். இந்தப் பெடியன் கோயில்ல வைச்சு முறையாய் முடிக்கத்தான் கேக்கிறான். அது மட்டும் குற்றமோ? மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடமோ?"

"விசா?" என்றார். "நாளைக்கு அவனைத் திருப்பி அனுப்பினா என்ர பிள்ளை என்ன செய்யிறது?"

இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் நியாயமான சொல் அது.  அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

"உங்களுக்கும் அப்ப உந்தப் பயம் இருந்ததுதானே" என்றேன். "மச்சாளின்ர தகப்பன் உங்களிட்டை விசாவைக் கேட்டவரோ?"

"இல்லை. ஊரில எவ்விடம் எண்டு கேட்டவர்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் புல்வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பெட்டைக்குக் கடைசியில என்ன நடந்தது?"

"வேற ஊருக்குப் போனவள். கைம்பெண் உடுப்போட கனகாலம் இருந்தவளாம். கைம்பெண் எண்டு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்ல."

"அவளின்ர தகப்பன் என்ன செய்தவர்?"

"தெரியாது."

"நீ படிச்சனீதானே?"

"அவரைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல, அண்ணை. கேடயம் இல்லாத ஆள்."

"மகள் அப்பிடி நிக்கேக்கை தகப்பன் ஒண்டும் செய்யேல்லையோ?"

 அதை அவர் என்னிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். எழும்பி உள்ளே போனார். அந்த இளைஞன் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். அண்ணா அவனுக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, அம்மாவின்ர நம்பரைத் தாரும். ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. என் மருமகள் ஓடிப் போய் மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மச்சாள் ஒரு கையில் கட்லட் தட்டோடு நின்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணா பழையபடி அண்ணாவாகிவிட்டார். ஒரு பேச்சுத் தயாரித்திருந்தார். நாங்கள் இன்ன இடம், இன்ன பரம்பரை, ஆனாலும் இந்தக் காலத்தில் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று பெருந்தன்மையோடு சொல்லி, சம்பந்தத்தை அருளிச்செய்வது திட்டம். இஸ்திரி போட்ட சேட்டு. தொலைபேசியைப் பீடத்தில் ஆயரின் படத்தில் சாய்த்து வைத்தோம். அது ஆயரின் வாளையும் நாயையும் மறைத்தது, முகம் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது.

திரையில் ஓர் அம்மா வந்தார். மெலிந்த முகம், தலையில் இழுத்து விட்ட சேலைத் தலைப்பு. பின்னால் மத்தியான வெயில். புருஷன் கடலில் போய்த் திரும்பாதவர் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அண்ணா பேச்சைத் தொடங்கத் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. நீங்கள் ஊரில எவ்விடம்?"

அண்ணாவை வாழ்நாளில் யாரும் அந்தக் கேள்வியால் அடித்ததில்லை. அந்தக் கேள்வி எப்போதும் அவருடைய கையில் இருந்தது. ஊரைச் சொன்னார்.

"யாழ்ப்பாணமோ? எங்கட ஆக்கள் அந்தப் பக்கம் கலியாணம் செய்யிறது குறைவு. தகப்பன் ஆர்?"

சொன்னார்.

"தாய் எந்த ஊர்? தாயைப் பெத்த தாய்? அவவின்ர தாய்?"

அண்ணா என்னைப் பார்த்தார். அம்மம்மாவின் ஊர் எங்களுக்குத் தெரியும், அவருடைய தாயின் பெயர்கூட எங்கள் இருவருக்கும் தெரியாது. பதினாறை எட்டுவதற்கு முன்பே எங்கள் கேடயங்கள் முடிந்துபோயின.

"நாங்கள் முதலியார் பரம்பரை" என்றார் அண்ணா. குரல் ஒலிவாங்கி இல்லாமல் மிகவும் சின்னதாக இருந்தது.

"அது எனக்குத் தெரியாது, அண்ணை. உங்களை அறிஞ்ச ஆக்கள் ஆரும் இந்தப் பக்கம் இருக்கினமோ? ஆரிட்டை விசாரிக்கலாம்?"

யாரும் இல்லை. அறிந்தவர்கள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் கல்லறைகளிலும் இருந்தார்கள். அண்ணாவின் நெற்றியில் வேர்வை கண்டது. கதவோரத்தில் என் மருமகளும் அவனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். இந்தச் சம்பந்தம் இப்போது மன்னாரிலிருந்து உடைந்துவிடும் என்று நினைத்தேன். தயாரித்த பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை. அண்ணா கதிரையின் நுனிக்கு வந்து, திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"எங்கட ஆக்களைப் பற்றி எனக்கு இதுக்கு மேல தெரியாது, அம்மா. என்ர பிள்ளைக்கு உங்கட பிள்ளையை விருப்பம். அவளைத் தனிய நிக்க விட எனக்கு ஏலாது. அதுதான் உங்களிட்டைக் கேக்கிறன்."

 தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவன் தொலைபேசியை எடுக்க வந்தான். அறுந்திருக்கவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்துபோய் இருந்தனான், அண்ணை" என்றார். "உந்தக் கேள்வியை நீங்கள் என்னட்டைக் கேட்டிடுவியள் எண்டுதான் முந்திக் கேட்டனான்."